மருதந்துறை முங்கு வழக்கு

கொம்பையா மாமா வாயைத் திறக்கக் கூடாது. அன்றைக்குத் தளவாய் போட்ட ஒரே நிபந்தனை அதுதான். காலையிலேயே பிள்ளையார் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், கற்பூரத்தை ஏற்றி, அது அணைவதற்குள் மாமாவின் கையைப் பிடித்துச் சத்தியமும் வாங்கியிருந்தான். "கேட்டதுக்குப் பதில் சொல்லுவேன், கேக்காததுக்கு வாயே திறக்க மாட்டேன்" என்று மாமா ரொம்பப் பணிவாகச் சொன்னார். அந்த முதல் பாதியை அப்படியே விட்டதுதான் தளவாய் செய்த தப்பு.

தளவாய்க்கு முப்பத்துநாலு வயது. குட்டியானை வண்டி ஓட்டுகிறான். மருதந்துறையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போய்த் திருநெல்வேலிச் சந்தையில் இறக்குவான். குடிக்க மாட்டான், அதிர்ந்து பேச மாட்டான், தலைமுடி இன்னும் தலையில்தான் இருக்கிறது. இருந்தும் ஏழு இடத்தில் பெண் பேசி ஏழும் தட்டிப்போய்விட்டது. பஸ் ஊருக்குள் வராது, மெயின்ரோட்டு விலக்கில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஆற்றங்கரை ஊர் என்று பேர்தான், ஆறு அரைக் கிலோமீட்டர் தள்ளி ஓடுகிறது. பாதி வீடுகளில் பூட்டுத் தொங்குகிறது. ஐந்து பேர் இதையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மீதி இரண்டு பேர், கொம்பையா மாமா இந்த ஊரின் பெருமையைச் சொன்னதைக் கேட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் காலத்தில் தபால்காரர் முதலை மேல் ஏறி வந்துதான் தபால் கொடுப்பார் என்று சொன்னால் எவன் பெண் கொடுப்பான்?

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள் காப்பி குடிப்பார்கள், முறுக்கைக் கடிப்பார்கள். ஆனால் சம்பந்தம் முடிவாகாமல் சோற்றில் கை நனைக்க மாட்டார்கள். இலையில் உட்கார்ந்துவிட்டால் பெண் கொடுத்த மாதிரிதான். தளவாயின் அம்மா சொர்ணம் ஏழு தடவையும் நம்பிக்கையோடு சொதி வைத்தாள், இஞ்சிப் பச்சடி கிண்டினாள், பாயசம் காய்ச்சினாள். ஏழு தடவையும் அதைத் தெருவுக்கு ஊற்றிக் கொடுத்தாள். எட்டாவது தடவை என்று தெரிந்ததும் தெருக்காரர்கள் காலையிலேயே தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள்.

எட்டாவதாக வந்தவர்கள் இரண்டே பேர். பெண்ணின் அப்பா பாவநாசம், ஓய்வுபெற்ற சர்வேயர். நாற்பது வருஷம் நிலத்தில் சங்கிலி போட்டு அளந்த மனிதர், நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால்கூட அதன் நாலு காலையும் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். கூட வந்தது அவருடைய அக்கா சிவனணைந்தாள். அந்த அம்மாளுக்குப் பார்வையும் கூர்மை, நாக்கும் கூர்மை. ஆற்றோடு கீழே பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் வரும் கீழத்தோப்பு அவர்கள் ஊர். பெண் பேர் முப்பிடாதி, ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். "தங்கமான பொண்ணு, ஒரே ஒரு விஷயம், பேச்சுல தோக்கவே தோக்காது" என்று தரகர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

வாசல் வேப்பமரத்து நிழலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தது. சிவனணைந்தாள் தன் செல்போனை மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டாள். பந்திக்கென்று தளவாய் அறுத்து வைத்த மூன்று தலைவாழை இலைகள் சுவரோரம் ஸ்டூலில் இருந்தன. அதற்குக் கொஞ்சம் தள்ளி ஆடு கட்டியிருந்தது. காப்பி வந்தது, குடித்தார்கள். வண்டி, வருமானம், ஜாதகம் எல்லாம் ஒழுங்காகப் பேசி முடித்தார்கள். மாமா மூச்சுக் காட்டவில்லை. தளவாய்க்கே கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது.

அப்போதுதான் பாவநாசம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"வரும்போது ஒரு படித்துறை பாத்தோம். எண்ணினேன், தொண்ணூத்தாறு படி. அகலம் நானூறு அடிக்குக் கொறையாது. கடைசிப் படிக்கும் தண்ணிக்கும் நடுவுல பூரா முள்ளுக்காடு. இத்தனூண்டு ஊருக்கு அம்மாம் பெரிய படித்துறை எதுக்கு?"

"அது பழைய காலத்துல..." என்று தளவாய் ஓடிவந்தான்.

"நீ பேசாம இருல" என்றார் கொம்பையா மாமா. "கேட்டுட்டாரு. கேட்டா பதில் சொல்லணும்னு பிள்ளையார் முன்னால சத்தியம்."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்ட விதத்திலேயே சொர்ணம் அடுக்களைக்குள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, முதல்ல ஒண்ணு சொல்லிருதேன். எனக்குக் கூட்டிச் சொல்லத் தெரியாது. நான் கொறச்சுத்தான் சொல்லுவேன். நீங்கதான் மனசுக்குள்ள கொஞ்சம் கூட்டிக்கிடணும். ஆதியில மருதந்துறைன்னா பதினேழு வீடு, ஒரு தோணி. தோணியிலயும் ஓட்டை. ஊர்ப் பெரியவருக்குக் காது சுத்தமாக் கேக்காது. ஒருநாள் ரெண்டு பேரு ஒரு பலாப்பழத்துக்குச் சண்டை போட்டு அவருகிட்ட வந்து, விடிஞ்சதுல இருந்து மத்தியானம் வரைக்கும் கத்துதானுவ. அவருக்கு வாயி அசையுறது மட்டும்தான் தெரியுது. சலிச்சுப்போயி, 'ரெண்டு பேரும் ஆத்துல போயி முங்குங்கடே. எவன் பொறவு எழும்புதானோ அவன் சொல்லுறதுதான் நியாயம்'னுட்டாரு. முங்கினானுவ. பொய் சொன்னவன் முதல்ல எழும்பிட்டான்."

"பொய் சொன்னவனுக்கு மட்டும் மூச்சு நிக்காதோ, தம்பி?" என்றாள் சிவனணைந்தாள்.

"நிக்காதுக்கா. பொய் சொல்லுதவனுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கும். அடிக்க அடிக்க மூச்சு செலவாகும். உண்மைக்காரன் நெஞ்சு அசையாது, தண்ணிக்குள்ள தூங்கக்கூடச் செய்வான்."

"அப்போ நீங்க முங்கினா?"

"நான் இன்னைக்கு முங்கினா நாளான்னைக்குத்தான் எழும்புவேன்" என்றார் மாமா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

பாவநாசம் சிரிக்கவில்லை. சிரிக்காதது நல்லதா கெட்டதா என்று தளவாய்க்குப் புரியவில்லை.

"பேச்சு நாடு பூரா பரவிட்டு, அண்ணாச்சி. வெளியூர்ல பத்து வருஷம் இழுக்கிற வழக்கு இங்க ரெண்டு நிமிஷத்துல தீருது. சனம் வண்டி கட்டி வருது. வழக்கு கூடக் கூடப் படியும் கூடுச்சு. மூணு படி முப்பதாச்சு, முப்பது தொண்ணூத்தாறாச்சு. வரிசையோட தலை இங்க படித்துறையில, வாலு திருநெல்வேலி ஆத்துப் பாலத்துல. வாலுல நின்னவனுக்கு எதுக்கு நிக்கோம்னே தெரியாது, கூட்டமா இருக்கேன்னு நின்னான். இங்க வந்து சேர்றதுக்குள்ள முன்னால நின்னவன்கூட ஒரு சண்டை வந்துரும். வந்ததுக்கு அதை முங்கித் தீத்துட்டுப் போயிருவான்."

எதிர்வீட்டுக்காரர் தூக்குவாளியோடு வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். அவருக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆனாலும் மாமா ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது சேர்ப்பார் என்பதால் வந்து நிற்பார்.

"முங்கினவன் தலை துவட்டணும்லா? நூத்திநாப்பது துண்டுக்கடை. எழும்பினதும் பசிக்கும்லா? அறுபது சாப்பாட்டுக் கடை. அத்தனை கடையிலயும் இட்லி அவிச்ச ஆவி மேல போயி மேகமாக் கூடி, சித்திரை வெயில்லகூட ஊருக்கு மட்டும் தனியா மழை பெய்யும். அந்த மழைத் தண்ணியில லேசா உளுந்து வாடை அடிக்கும்."

"ச்சீ" என்றாள் சிவனணைந்தாள்.

"துண்டு விசயத்துக்கு வாரேன். துவட்டின துண்டைக் காயப்போடணும்லா? ஊருக்குக் குறுக்க நூறு கொடி. லட்சம் துண்டு. ஆடி மாசம் காத்து அடிக்கு. அம்புட்டுத் துண்டும் உப்பி, கப்பல்ல பாய் விரிச்ச மாதிரி இழுத்து, கோயிலு குளம் வீடு வாசலோட ஊரே ஆத்தைப் பாக்க நாலடி நகந்துட்டு."

"நாலடியா?" பாவநாசம் முதல்தடவையாகக் குறுக்கே வந்தார். "ஊரு நகந்தா எல்லைக்கல்லு நகராது. சர்வே படத்துல தெரிஞ்சிருக்கும்லா?"

"தெரியுதே! இன்னைக்கும் உங்க ஆபீசு படத்துல எங்க ஊரு நாலடி தள்ளித்தான் கெடக்கு. போயிப் பாருங்க."

பாவநாசத்தின் முகம் என்னவோ மாதிரி ஆகிவிட்டது. இருமிக்கொண்டே மறுபடியும் டம்ளரை எடுத்தார், அதில் காப்பி இல்லை. மருதந்துறைப் படம் அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஊருக்கே வராமல் ஆபீசில் உட்கார்ந்து அவர் கையாலேயே போட்டது என்பதும், அதில் நிஜமாகவே நாலடிப் பிழை உண்டு என்பதும் தளவாய்க்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. மாமா குத்துமதிப்பாக விட்ட கல் குறி பார்த்து விழுந்திருந்தது.

மாமாவுக்கு அது தெரியாது. அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"முங்கி முங்கி எங்க ஊர்க்காரனுக்கு மூச்சு பெருத்துப் போச்சுக்கா. பிறந்த பிள்ளை ஒருதடவை மூச்சு எடுத்துச்சுன்னா அழுது முடிக்க ரெண்டு நாள் ஆகும். எங்க ஊர்ல ஒரு நாதசுரக்காரரு இருந்தாரு. தாலி கட்டும்போது எடுத்த ஊதலை, அந்தப் பொண்ணுக்கு மூத்த பிள்ளை பிறந்து காது குத்தும்போதுதான் விட்டாரு. நடுவுல வளைகாப்புக்கும் அதே ஊதல்தான், தனியா ஊதல. இன்னும் எங்க பயலுவளுக்கு அந்த மூச்சு ரத்தத்துல உண்டு. நம்ம தளவாயையே எடுத்துக்கோங்க..."

"மாமா!" என்றான் தளவாய்.

"சரி, அவனுக்குக் கூச்சம். விட்டுருவோம்."

பின்னால் 'சரக் சரக்' என்று ஏதோ மெல்லும் சத்தம் கேட்டது. தளவாய் இருந்த நிலையில் திரும்பிப் பார்க்கவில்லை.

சிவனணைந்தாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தம்பி, எல்லாம் சரி. அறுபது சாப்பாட்டுக் கடை இருந்த ஊருன்னு சொல்லுதீங்க. இப்போ ஒரு டீக்கடைகூடக் காணோமே? விலக்குல இறங்கி நடந்து வந்ததுல என் செருப்பு அந்து போச்சு. பொண்ணு குடுக்கப் போறது அன்னைக்கு இருந்த ஊருக்கா, இன்னைக்கு இருக்கிற ஊருக்கா?"

இதுதான் கேள்வி. ஏழு தடவையும் கடைசியில் வந்து நின்றது இந்தக் கேள்விதான். தளவாய் இந்த ஊரை விட்டுப் போகாததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. அம்மா இங்கே இருக்கிறாள், வாழைத்தோட்டம் இங்கே இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னால் யாருக்கும் போதுமானதாக இருப்பதில்லை.

மாமா தோள் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். குரலை இறக்கினார்.

"ஒரு இலையிலதான்கா எங்க ஊரு அழிஞ்சுது. ஒரு கல்யாண வீடு. கடைசிப் பந்தி. கடைசியா ஒரே ஒரு வாழை இலைதான் இருந்துச்சு. ரெண்டு பேரு ஒரே நேரத்துல அது முன்னால உக்காந்துட்டாவ. ஒருத்தரு மருதந்துறைக்காரரு. இன்னொருத்தரு உங்க கீழத்தோப்பு. பாயசத்தை ஊத்தியாச்சு, இலை யாருதுன்னு தெரியல. 'வா, முங்குவோம்'னு ஒருத்தரு சொல்ல, 'வாரும்'னு இன்னொருத்தரு எந்திரிச்சாரு. வெள்ளிக்கிழமை உச்சியில ரெண்டு பேரும் முங்கினாவ."

"பொறவு?" இது எதிர்வீட்டுக்காரர்.

"பொறவு என்ன, எழும்பல. சாயங்காலம் ஆச்சு, எழும்பல. சனிக்கிழமை எழும்பல. ஐப்பசி போச்சு, தை போச்சு. எங்க ஊர் விதி என்னன்னா, முங்கினவன் எழும்பாம அடுத்தவன் இறங்கக் கூடாது. தீர்ப்பு தெரியாம ஊர்க்காரன் படியை விட்டு அசையக் கூடாது. ஊரே படியில உக்காந்திருக்கு. நீங்க பாத்திருப்பீங்களே, படியில அங்கங்க குழி குழியா இருக்குல்லா? உக்காந்து உக்காந்து தேஞ்சது."

"அது மட்டமான கல்லு" என்றார் பாவநாசம். ஆனால் குரலில் முன்னே இருந்த கெட்டி இல்லை.

"துண்டுக்கடைக்காரன் துண்டை விரிச்சுப் படியிலேயே உக்காந்துட்டான். கடையில இட்லி அடுப்புலேயே வெந்து வெந்து கல்லாப் போச்சு. அதை வச்சுத்தான் பின்னால பஞ்சாயத்து ஆபீசுக்குச் சுவரு கட்டினாவ. பஸ்ஸு வந்து மூணு நாளா ஆரன் அடிச்சுச்சு, ஒருத்தரும் எந்திரிச்சுப் போகல. அந்தக் கோவத்துல போன பஸ்ஸுதான், இன்னைய வரைக்கும் உள்ள வரல. வரிசையில நின்னவனுவ நின்ன இடத்துலயே பொண்ணெடுத்து, பிள்ளை பெத்து, பிள்ளையை வரிசையில நிறுத்திட்டுக் கண்ணை மூடினானுவ. அதுகூடப் பரவாயில்ல. பல வருசம் பக்கத்துல பக்கத்துல நின்னதுல, சண்டைக்காரனுவ ஒருத்தனுக்கொருத்தன் வெத்தலை மடிச்சுக் குடுத்துச் சமாதானமாப் போயிட்டானுவ! ஊருக்கு விழுந்த பெரிய அடி அதுதான்."

சிவனணைந்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் மடியில் செல்போன் லேசாக 'கிளுக்' என்றது. தளவாய் மட்டும் அதைக் கவனித்தான்.

"ஆறு மட்டும் எத்தனை நாள் காத்துக்கிடக்கும்? அதுக்கும் கடலுக்குப் போற சோலி கெடக்குல்லா? பைய ஒதுங்கி அந்தப் பக்கமாப் போயிட்டு."

"ஆறு ஒதுங்கினது மணல் அள்ளினதுல, தம்பி" என்றாள் சிவனணைந்தாள். சிரிப்பு நின்றுபோயிருந்தது. "எங்க ஊர்லயும்தான் அள்ளினானுவ. எங்க படித்துறையிலயும் இப்போ ஆடுதான் மேயுது."

வரிசையாக லாரிகள் போனதைத் தளவாயும் பார்த்திருக்கிறான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எண்ணிக்கொண்டே வருவான். ஒருநாள் எண்ணிக்கை மறந்துபோய் அழுதிருக்கிறான். இப்போதும் அதை நினைத்தால் மனது கனத்துவிடும்.

"மணல் எதுக்கு அள்ளினானுவன்னு நினைக்கீங்க?" என்றார் மாமா. "அந்த ரெண்டு பேரையும் தேடத்தான்! ஆத்துல வச்சுத் தேட இடம் பத்தலன்னு லாரியில ஏத்தி ஊரு ஊராக் கொண்டு போயிக் கொட்டிச் சலிச்சுப் பாத்தானுவ. சலிச்ச மணலை வீணாப் போடுவானேன்னு அதுலயே வீடு கட்டிக்கிட்டானுவ. மெட்ராஸ்ல எத்தனை மாடி நிக்கி, அம்புட்டும் எங்க ஊரு ஆளைத் தேடின மணலுதான். ஒரு லாரியிலயும் ஆளு கிடைக்கல."

"அப்போ இந்தப் பூட்டின வீடெல்லாம்?" என்றாள் சிவனணைந்தாள்.

"எழும்பினா ஒரு தந்தி அடிங்கன்னு சொல்லிட்டுப் போனவங்க வீடு. எங்க ஊரு கெட்டுப்போகலக்கா. காத்துக்கிட்டு இருக்கு. தீர்ப்பு வந்த மறுநாளே பஸ்ஸு உள்ள வந்துரும்."

சிவனணைந்தாள் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"ஏலே பாவநாசம், எந்திரி. இங்க பொண்ணைக் குடுத்தா அவளையும் கூட்டிட்டுப் போயிப் படியில உக்கார வச்சிருவாவ. மாப்பிள்ளை வீடுன்னா ஒரு நியாயமான பேச்சு இருக்க வேண்டாமா?"

முடிந்தது. எதிர்வீட்டுக்காரர் தூக்குவாளியின் மூடியைத் திறந்தார். அடுக்களையில் சொர்ணம் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. தளவாய்க்கு மாமாவைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு போய் ஆற்றில் முக்க வேண்டும் போலிருந்தது. அதற்கும் அரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

பாவநாசம் எழுந்திருக்கவில்லை.

"இருக்கா" என்றார். மாமாவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். "முங்கினவங்க பேரு என்னன்னு சொன்னீரு?"

"எங்க ஊரு ஆளு பலவேசம். எங்க தாத்தாதான்." பலவேசம் தாத்தா காய்ச்சலில் படுத்துக் கட்டிலிலேயே செத்தவர், அவர் படம் கூடத்துச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. "உங்க ஊரு ஆளு பேருதான் தெரியல."

"சொரிமுத்து" என்றார் பாவநாசம். "எங்க தாத்தா."

சிவனணைந்தாள் தம்பியை உற்றுப் பார்த்தாள். அவர்கள் தாத்தாவின் பேர் சொரிமுத்து இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பாவநாசம் ஆபீசில் பைல் வாசிக்கிற மாதிரி, ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் சொல்ல ஆரம்பித்தார். "முங்கி மூணாம் நாளு எங்க தாத்தாவுக்குப் பசிச்சுட்டு. எழும்பினா தோல்வி. அதனால ஆத்துக்கடியிலேயே பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்து எங்க ஊரு படித்துறைக்கு வந்தாரு. கூடவே உங்க தாத்தாவும் வந்தாரு. எங்க ஆச்சி குனிஞ்சு தண்ணிக்குள்ளேயே இலை போட்டுப் பரிமாறினா. ரசம் மட்டும் ஊத்த முடியல. பக்கத்துல பக்கத்துல உக்காந்து சாப்பிட்டதுல ரெண்டு பேரும் சிநேகமாயிட்டாவ. இப்போ தகராறு வேற மாதிரி. 'நான் எழும்பித் தோத்துக்கிடுதேன், நீரு நல்லா இரும்'ங்காரு உங்க தாத்தா. 'அதெப்படி, நான்தான் தோப்பேன், நீரு பொறவு வாரும்'ங்காரு எங்க தாத்தா. ஒருத்தரைத் தோக்கவிட இன்னொருத்தருக்கு மனசு வரல. அதான் இன்னும் எழும்பல. போன மாசம்கூடப் போயிப் பாத்துட்டு வந்தேன். ரெண்டு பேருக்கும் சளிகூடப் பிடிக்கல."

கொம்பையா மாமா வாயைத் திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்தார். அறுபத்தெட்டு வருஷத்தில் அந்த வாயிலிருந்து ஒருதடவையும் வராத வார்த்தை வந்தது.

"என்ன அண்ணாச்சி, இப்படி அநியாயத்துக்குப் புளுகுதீங்க!"

எதிர்வீட்டுக்காரர் கையிலிருந்த வாளியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அடுக்களைக்குள் சொர்ணம் சிரித்தாள். சிவனணைந்தாள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, "நாப்பது வருசம் கவர்மெண்டு வேலை பாத்தவன்ல நீ!" என்று தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள். அந்தச் சிரிப்பு அடங்கும்போது அவள் கையிலிருந்த செல்போனிலிருந்து ஒரு பெண் குரல் சன்னமாக வந்தது.

"அத்தை, ஸ்பீக்கரைப் போடுங்க."

காப்பி வந்ததிலிருந்தே அந்தச் செல்போன் பேச்சில்தான் இருந்திருக்கிறது. முப்பிடாதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அப்பாவும் பேசிட்டாங்க, அந்த மாமாவும் பேசிட்டாங்க. கட்டிக்கப் போறவுக குரலையே காணோமே. அவுக இருக்காகளா, இல்ல அவுகளும் முங்கிட்டாகளா?"

எல்லாரும் தளவாயைப் பார்த்தார்கள். அவனுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"இருக்கேன்" என்றான்.

"உங்க மாமா சொன்னதுல எவ்வளவு நிஜம்?"

"படிக்கட்டு நிஜம். மத்ததெல்லாம் மாமா."

"ஏலே!" என்றார் மாமா.

தளவாய் நிறுத்தவில்லை. இனிமேல் கெடுவதற்கு ஒன்றும் பாக்கி இல்லை என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. "பஸ்ஸு வராதுங்க. குழாயில ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணி. விலக்குல இருந்து நடந்துதான் வரணும். நான் ஊர்ல இருந்தா வண்டியில வந்து கூட்டிக்கிடுவேன், ஆனா வண்டி பூரா வாழைக்கறை. சேலையில பட்டா போகாது."

"மூச்சு எவ்வளவு நேரம் பிடிப்பீங்க?"

"பிடிக்கத் தெரியாதுங்க. எனக்கு நீச்சலே தெரியாது. தலைக்குத் தண்ணி ஊத்தினாலே மூச்சு முட்டும்."

மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மருதந்துறையின் மானம் அந்த ஒரு வாசகத்தில் போய்விட்டது என்று அவர் பின்னால் பல பேரிடம் சொன்னார்.

வேப்பம்பழம் ஒன்று விழுந்தது. தளவாய் தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டு வினாடிக்கு மேல் முடியவில்லை.

"அப்பா, எனக்குச் சம்மதம்" என்றாள் முப்பிடாதி.

"நல்லா யோசிச்சியாட்டி?" என்றாள் அத்தை.

"யோசிச்சுட்டேன் அத்தை. எந்தச் சண்டை வந்தாலும் முதல்ல எழும்பப் போறது அவுகதான்."

பாவநாசம் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "இலையைப் போடச் சொல்லுங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்குச் சொர்ணம் ஏழு தடவை காத்திருந்தவள். அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே பாயசத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தளவாய் இலையை எடுக்க ஓடினான். ஸ்டூலில் இருந்தது ஒரே ஒரு இலை. மற்ற இரண்டையும் மாமா பேசி முடிப்பதற்குள் ஆடு தின்று முடித்திருந்தது. வாழைத்தார் ஏற்றிப் பிழைக்கிறவன் வீட்டில் அன்றைக்கு இலைப் பஞ்சம்.

இருந்த இலையைக் கூடத்தில் விரித்தான். எல்லாருக்கும் இருந்த சந்தோஷத்தில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பாவநாசம் இந்தப் பக்கமிருந்து வந்து உட்கார்ந்தார். கொம்பையா மாமா அந்தப் பக்கமிருந்து வந்து உட்கார்ந்தார். நடுவில் ஒரே இலை. அது தெரியாமல் சொர்ணம் பாயசத்தை ஊற்றிவிட்டாள்.

இரண்டு பேரும் இலையைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"தோட்டத்துக்கு ஓடிப்போயி ரெண்டு இலை அறுத்துட்டு வால!" என்று சொர்ணம் மகனை விரட்டினாள். அவன் வாசலைத் தாண்டவில்லை. அதற்குள் சிவனணைந்தாள் வந்து குனிந்து, இலையை நடுநரம்போடு பிடித்துச் சர்ரென்று இரண்டாகக் கிழித்தாள். ஆளுக்கு ஒரு பாதியைத் தள்ளிவிட்டாள்.

"ஒரு இலையை ரெண்டாக் கிழிக்க ஆளில்லாமலா ஒரு ஊரு அழிஞ்சுது?" என்றாள்.

மாமா தன் பாதியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் படித்துறை இருக்கிற திசையில் திரும்பி, ரொம்ப மரியாதையாகக் குரல் கொடுத்தார். "தாத்தா, எழும்பி வாரும். தீர்ப்பு ஆயிட்டு."

"அவரு எப்படி வருவாரு? எங்க தாத்தா 'நான்தான் முதல்ல'ன்னு பிடிச்சு இழுத்துக்கிட்டு நிப்பாரு" என்றார் பாவநாசம், சோற்றில் சொதியை ஊற்றிப் பிசைந்தபடி.

"சோறு ஆறுது" என்றாள் சிவனணைந்தாள். "ரெண்டு பேரும் வாயை மூடிட்டுத் தின்னுங்க."